இலட்சியத்துக்கு யாரைச் சாட்சியாக அழைப்பது?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். குடியரசு நாளையொட்டி, ‘இந்தியாவின் இலட்சியங்களைத் தம் வாழ்வில் மிகச் சிறப்பாக வெளிப்படுத்திய பொதுவாழ்வு ஆளுமை யார்?’ என்ற தலைப்பில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை காந்தி, அம்பேத்கர், காமராஜர், கலாம் ஆகியோருள் ஒருவரைப் பற்றியவை. நடுவர்களாகிய நாங்கள் மூவரும் அவரவருக்குப் பிடித்த தலைவருக்கே மதிப்பெண் போடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. ஒரு மாணவி, எந்தத் தனி மனிதரையும் அப்படிச் சொல்லக் கூடாது என்று வாதிட்டு எழுதியிருக்கிறாள்; தலைப்புக்கு விடை இல்லாததால் அதைத் தள்ளிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். இவற்றை எப்படி மதிப்பிடுவது? நீங்களே எழுதுவதாக இருந்தால் யாரைப் பற்றி எழுதுவீர்கள்?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஐயம் நியாயமானது. அரசமைப்புச் சட்டத்தைப் பல ஆண்டுகள் சட்டக் கல்லூரியில் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்படிப்பட்ட தலைப்பைக் கொடுத்தால் மாணவர்கள் முதலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பிறகு அவருடைய சிறப்புகளையெல்லாம் நாட்டின் இலட்சியங்கள் என்று எழுதிவிடுவார்கள். நடுவரும் பெயரைப் பார்த்தே தலையசைத்துவிடுவார். தலைப்பில் உள்ள ‘இலட்சியங்கள்’ என்ற பகுதிக்கு விடையளிக்காத கட்டுரை, எவ்வளவு அழகான நடையில் இருந்தாலும் பாதிக் கட்டுரைதான். ஆகவே அங்கிருந்து தொடங்குவதே முறை.

இந்தியாவின் இலட்சியங்கள் எவை என்று நாம் ஊகிக்க வேண்டிய தேவையில்லை. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையில் அவை எழுத்திலேயே உள்ளன: சமூக, பொருளாதார, அரசியல் நீதி, சிந்தனையிலும் வெளிப்பாட்டிலும் நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் சுதந்திரம், தகுதிநிலையிலும் வாய்ப்பிலும் சமத்துவம், தனிமனிதரின் கண்ணியத்துக்கும் நாட்டின் ஒற்றுமைக்கும் உறுதியளிக்கும் சகோதரத்துவம். முதல் மூன்றும், 1946 டிசம்பரில் நேரு முன்மொழிந்து 1947 ஜனவரியில் அரசமைப்பு நிர்ணய மன்றம் ஏற்ற குறிக்கோள் தீர்மானத்திலேயே இருந்தவை. சகோதரத்துவத்தைப் பின்னர் முகவுரையில் சேர்த்தது அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு. ஒரு கட்டுரை இந்த நான்கில் எதையாவது கையில் எடுத்துக்கொண்டு தன் நாயகரிடம் செல்கிறதா என்பதே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது.

அப்படிப் பார்த்தால் பல கட்டுரைகள் வேறு எதையோ பேசுவது தெரியும். எளிமை, கடும் உழைப்பு, நேரந்தவறாமை, வறுமையிலிருந்து முன்னேறியமை ஆகியவை நல்ல மனிதருக்குரிய குணங்கள். அவை எந்த நாட்டிலும், மன்னராட்சியிலும்கூட, போற்றப்படும்; குடியரசின் இலட்சியங்களுக்கு அவை மாற்றாக மாட்டா. இராமேசுவரத்தில் செய்தித்தாள் விநியோகித்த சிறுவன் குடியரசுத் தலைவரான வரலாற்றை எழுதும் மாணவர், வாய்ப்பில் சமத்துவம் என்ற சொற்றொடரோடு அதை இணைத்துக் காட்டினால் அது விடை. இணைக்காவிட்டால் வெறும் வாழ்க்கைக் குறிப்பு. அதே கலாம், ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான சட்டமுன்வடிவை 2006-இல் கையொப்பமிடாமல் நாடாளுமன்றத்தின் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியதையும், அதற்கு முந்திய ஆண்டு மாஸ்கோவில் இருந்தபடியே பீகார் சட்டமன்றக் கலைப்பு ஆணையில் கையொப்பமிட்டதையும், அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னதையும் சேர்த்து எடைபோடும் மாணவர் ஒருவர் உங்கள் பள்ளியில் இருந்தால், அவருக்குத் தயங்காமல் மதிப்பெண் கொடுங்கள். காமராஜரைப் பற்றியும் இதையே சொல்வேன். 1963-இல் முதல்வர் பதவியைத் துறந்தது கட்சியை வலுப்படுத்துவதற்காக; அவருடைய மதிய உணவுத் திட்டமும் ஊர்தோறும் திறந்த பள்ளிகளும்தான் சமத்துவத்தோடு நேரடித் தொடர்புடையவை. மாணவர்கள் பெரும்பாலும் முன்னதையே வியந்து எழுதுகிறார்கள்.

இலட்சியத்தை அடையாளங்கண்ட பிறகு, அடுத்த கேள்வி கடினமானது. ஓர் இலட்சியத்தைப் பற்றி நன்றாகப் பேசியவர்கள் ஏராளம். அதைப் பின்பற்றியதால் பாராட்டும் பதவியும் பெற்றவர்களும் உண்டு. அதைக் கைவிட்டால் ஆதாயம், கைவிடாவிட்டால் இழப்பு என்ற நிலையில் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதே என் அளவுகோல். இது நமக்குப் புதிதன்று. மனுநீதிச் சோழன் கதையைத் திருவாரூரின் கல்தேரோடு சேர்த்து இன்றும் நம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அந்த அரசன் எத்தனை வழக்குகளில் நல்ல தீர்ப்புச் சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை. தன் மகனே குற்றவாளியாக நின்றபோது என்ன செய்தான் என்பதே கதை. எனினும் இழப்பு மட்டுமே போதாது. தவறான கொள்கைக்காகவும் மனிதர்கள் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். இலட்சியம் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், இழப்பு தெரிந்தே ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது என் தேர்வு, உங்கள் மாணவர்களில் ஒருவரும் எழுதியிருக்க வாய்ப்பில்லாத ஒரு பெயர்: உச்ச நீதிமன்ற நீதிபதி எச்.ஆர்.கன்னா.

1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள்களில் குடியரசுத் தலைவரின் இன்னோர் ஆணை வந்தது. சட்டத்தின் முன் சமத்துவம், உயிர் மற்றும் தனிமனிதச் சுதந்திரம், கைதுக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவற்றைக் கூறும் 14, 21, 22 ஆகிய உறுப்புகளை நிலைநாட்டக் கோரி நீதிமன்றத்தை அணுகும் உரிமையை அது நிறுத்திவைத்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தந்த ‘மிசா’ என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழும் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டதாக, நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களைப் பின்னர் விசாரித்த ஷா ஆணையம் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து சிறைக்குப் போனவர்களையும், பெயருக்கு முன்னால் ‘மிசா’ என்று சேர்த்தே ஊரார் அழைத்துவந்த முதியவர்களையும் உங்கள் பகுதியிலும் சிலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரி, சிறைப்பட்டோர் சார்பில் தாக்கலான ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. தலைமை நீதிபதி ஏ.என்.ரே, எச்.ஆர்.கன்னா, எம்.எச்.பெக், ஒய்.வி.சந்திரசூட், பி.என்.பகவதி ஆகிய ஐவர் அமர்ந்தனர். அரசின் வாதம் சுருக்கமானது: உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை 21-ஆம் உறுப்பிலிருந்து மட்டுமே பிறக்கிறது, அதற்காக வழக்காடும் உரிமை நிறுத்தப்பட்டுவிட்டதால், கைது சட்டப்படி நடந்ததா என்று கேட்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. விசாரணையின்போது கன்னா ஒரு கேள்வி கேட்டார். 21-ஆம் உறுப்பில் சுதந்திரம் மட்டுமன்றி உயிரும் இருக்கிறதே, ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை நீடிக்கும் வரை கிடையாது என்று ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதிலளித்தார்; அது நீதிபதிகளின் மனசாட்சியையும் தம் மனசாட்சியையும் அதிர வைக்கலாம், ஆனாலும் தம் வாதத்தின் விளைவு அதுவே என்றார்.

இது நீதிமன்றக் கூடத்துக்குள் எழுந்த கற்பனைக் கேள்வி என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. அந்த வழக்கின் தீர்ப்புக்காக நாடு காத்திருந்த நாள்களில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவலர்கள் பிடித்துச் சென்றனர். கக்கயம் காவல் முகாமில் அவர் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார், உடல் கிடைக்கவேயில்லை. இந்திப் பேராசிரியரான அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஓராண்டுக்கும் மேலாக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகே கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்ய முடிந்தது. கன்னாவின் கேள்வியில் இருந்த ஆபத்து அவ்வளவு அருகில் இருந்தது.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்தது. நால்வர் அரசின் வாதத்தை ஏற்றனர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். உயிரும் சுதந்திரமும் அரசமைப்புச் சட்டம் வழங்கிய பரிசுகள் அல்ல, அச்சட்டம் வருவதற்கு முன்பே சட்ட ஆட்சி நடக்கும் சமுதாயத்தில் இருந்தவை. 21-ஆம் உறுப்பே இல்லாவிட்டாலும், சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க அரசுக்கு உரிமை கிடையாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். நெருக்கடி நிலை அறிவிப்பையே செல்லாது என்று அவர் சொல்லவில்லை. அரசு எந்த நெருக்கடியிலும் யாரையும் சிறையில் வைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. கைது சட்டப்படி நடந்ததா என்று கேட்பதற்கு ஓர் இடம் திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே விட்டுக்கொடுக்க மறுத்தார். இந்த நிதானமே என்னை அதிகம் கவர்கிறது. அரசை எதிர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர் அவர். 1973-இன் கேசவானந்த பாரதி வழக்கில் அடிப்படை உரிமைகளையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்ற அளவில் அரசின் பக்கமும், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தகர்க்க முடியாது என்ற அளவில் எதிர்ப்பக்கமும் நின்றவர். 7-க்கு 6 என்று முடிந்த அவ்வழக்கில் அவருடைய கருத்தே தராசை ஒரு பக்கம் சாய்த்தது.

இழப்பு என்ன என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். தலைமை நீதிபதி ரேவுக்கு அடுத்த பணிமூப்பு அவருக்கே உரியது. அந்தத் தீர்ப்பு தமக்குத் தலைமை நீதிபதி பதவியை இழக்கச் செய்யும் என்று தீர்ப்புக்கு முன்பே தம் தங்கையிடம் கூறியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இது வீண் அச்சமன்று. மூன்றாண்டுகளுக்கு முன், கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த கையோடு, அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூத்த நீதிபதிகள் மூவரையும் தாண்டித்தான் ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டிருந்தார். 1977 ஜனவரியில் அதுவே மீண்டும் நடந்தது: கன்னாவுக்கு இளையவரான பெக் நியமிக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார்.

கன்னாவை நான் தேர்ந்ததற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை நீங்களே எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். அந்த மாறுபட்ட தீர்ப்பால் அன்று ஒரு கைதிகூட விடுதலையாகவில்லை. உண்மை, ஆனால் 1978-இன் 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய உறுப்புகளை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது, 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1976-இன் பெரும்பான்மைத் தீர்ப்பை வெளிப்படையாகவே ரத்து செய்தது. அதற்கான கருத்துரையை எழுதியவர், அந்த நால்வரில் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மகன் டி.ஒய்.சந்திரசூட். வருங்காலத்தின் அறிவுக்கு விடுக்கும் முறையீடே மாறுபட்ட தீர்ப்பு என்ற கருத்தமைந்த மேற்கோளை, அமெரிக்க நீதிபதி ஒருவரிடமிருந்து எடுத்துக் கன்னா தம் தீர்ப்பில் ஆண்டிருந்தார். அந்த முறையீடு ஏற்கப்பட 41 ஆண்டுகள் ஆயின.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நால்வரில் இன்னொருவரான பகவதி, பிற்காலத்தில் பொதுநல வழக்குகளின் கதவைத் திறந்து, கொத்தடிமைகளுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் நீதிமன்றத்தை எட்டும் தூரத்தில் கொண்டுவந்தவர். 1976-இல் தாம் அளித்த தீர்ப்பு தவறென்று முதுமையில் வெளிப்படையாக வருந்தியவர். சமூக நீதி என்ற இலட்சியத்துக்குச் செய்த பணியைக் கூட்டிப் பார்த்தால் பகவதியின் கணக்கு கன்னாவினதைவிடப் பெரியதாகவே இருக்கும். நீங்கள் கேட்டது அதிகம் தொண்டு செய்தவர் யார் என்றால் என் விடை மாறலாம். நீங்கள் கேட்டிருப்பது இலட்சியம் எவரில் வெளிப்பட்டது என்பது; அது சோதனை நாளில்தான் தெரியும். பாதுகாப்பான காலத்தில் சுதந்திரத்தைப் பற்றி அழகாகத் தீர்ப்பெழுதுவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் அளவுகோலுக்கு அது போதவில்லை, அவ்வளவே.

காந்தியை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அவரை என் அளவுகோல் தள்ளவே இல்லை. 1947 ஆகஸ்டில் டெல்லிக் கொண்டாட்டங்களில் கலந்துகொள்ளாமல் கல்கத்தாவில் தங்கியதும், அங்கு கலவரம் மூண்டபோது உண்ணா நோன்பிருந்ததும், 1948 ஜனவரி 13 அன்று டெல்லியில் தொடங்கிய கடைசி உண்ணா நோன்பும், அதே மாதம் 30-ஆம் நாள் மாலையும் சகோதரத்துவத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை. அந்த ஐந்தாறு மாதங்களை மட்டும் எடுத்து எழுதிய கட்டுரை உங்களிடம் இருந்தால், என் தேர்வைவிட அதுவே மேலானதாக இருக்கக்கூடும். நான் தயங்குவது வேறொரு காரணத்தால். காந்தி அரசுப் பதவி எதையும் வகிக்காதவர். தம் வாழ்வு முழுவதையும் அதற்கென்றே ஆக்கிக்கொண்டவர். ஒரு குடியரசோ பதவியில் இருப்பவர்களால் நடத்தப்படுவது. வட்டாட்சியர், காவல் ஆய்வாளர், தேர்தல் அலுவலர், நீதிபதி ஆகியோர் தம் மேசையில் வந்த கோப்பில் கையொப்பமிடும்போதுதான் முகவுரையின் சொற்கள் உயிர் பெறுகின்றன அல்லது உயிரிழக்கின்றன. உங்கள் மாணவர்களில் சிலர் அந்த மேசைகளில் அமரப்போகிறவர்கள். மகாத்மாவாக வேண்டும் என்று அவர்களிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது. பதவி உயர்வு போகும் என்று தெரிந்தும் கோப்பில் சரியானதை எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கலாம்.

அம்பேத்கரைத் தேர்ந்தவர்களோடும் எனக்கு வழக்கில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு முடங்கியதை முதன்மைக் காரணமாகக் கொண்டு 1951-இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகி, அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் தோல்வியும் கண்ட அவர், இழப்பு என்ற சோதனையில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் அவரைப் பற்றிய கட்டுரைகளில் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் அவர் ஆற்றிய உரை அதில் இருக்கிறதா? மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தியும் வீர வழிபாடும் சீரழிவுக்கும் இறுதியில் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச் செல்லும் என்று அதில் அவர் எச்சரித்தார். அவரைத் தெய்வமாக்கும் கட்டுரை அவருடைய எச்சரிக்கையைப் படிக்காமல் எழுதப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

இப்போது அந்த மாணவியின் கட்டுரைக்கு வருவோம். அவள் தலைப்புக்கு விடையளிக்கவில்லை என்ற தலைமையாசிரியரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ‘யார்?’ என்ற வினாவுக்கு ‘எவருமில்லை’ என்பதும், காரணம் காட்டினால், விடையே. அவள் வாதத்துக்கு அம்பேத்கரே துணை நிற்கிறார் என்பதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லலாம். அதற்காக அவளுக்குச் சலுகையும் வேண்டாம். இலட்சியங்கள் எவை என்று அவள் சொல்லியிருக்கிறாளா, குறைந்தது இரண்டு தலைவர்களையாவது எடுத்துக்கொண்டு எந்த இடத்தில் அவர்கள் குறைபட்டார்கள் என்று நிகழ்வுகளோடு காட்டியிருக்கிறாளா என்று பாருங்கள். ‘எல்லோரிடமும் குறை உண்டு’ என்ற ஒற்றை வரியை நான்கு பக்கத்துக்கு நீட்டியிருந்தால், மற்றவர்களுக்கு எந்தக் காரணத்துக்காகக் குறைக்கிறீர்களோ அதே காரணத்துக்காக இவளுக்கும் குறையுங்கள்.

நடுவர்களின் விருப்புவெறுப்பைக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன். மதிப்பெண்ணில் சரிபாதியை, இலட்சியம் எது என்று தெளிவாகச் சொல்லி அதைக் குறிப்பிட்ட ஆண்டும் இடமும் உள்ள ஒரு நிகழ்வோடு இணைத்ததற்கு ஒதுக்குங்கள். தேர்ந்த தலைவரின் ஒரு தவறையேனும் மறைக்காமல் சொல்லி, அதன் பிறகும் தேர்வை நியாயப்படுத்தியதற்குக் கால்பங்கு. மொழிக்கும் அமைப்புக்கும் மீதி. அடைமொழிகளுக்கு ஒன்றும் வேண்டாம். மதிப்பிடும் முன், கட்டுரைகளில் வரும் தலைவர் பெயர்களை மூன்றாமவர் ஒருவரைக்கொண்டு மறைக்கச் செய்யலாமா என்றும் நினைத்தேன். ஆனால் உப்புச் சத்தியாகிரகத்தைப் படித்த பிறகும் யார் என்று தெரியாத நடுவர் தமிழ்நாட்டில் கிடைக்க மாட்டார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நடுவரும் தமக்கு மிகவும் பிடித்த தலைவரைப் பற்றிய கட்டுரைகளை மற்ற இருவரிடம் கொடுத்துவிடுவது நடைமுறைக்கு ஏற்றது.

அடுத்த ஆண்டு இதே போட்டியை வைப்பதாக இருந்தால், தலைப்பைச் சற்றே மாற்றிவிடுங்கள். ‘முகவுரையின் ஒரு சொல்லுக்காக ஒருவர் தம் பதவியையோ நலனையோ இழந்த ஒரு நாளைப் பற்றி எழுதுக’ என்று கேட்டுப் பாருங்கள். பெயர்ப்பட்டியல் நான்கோடு நிற்காது. உள்ளூர் நூலகத்தில் பழைய செய்தித்தாள் தொகுப்புகளைத் தேடிப் போகவும் சிலருக்குத் தோன்றும்.